சுவர் போனது, மரம் இருக்கிறது



வரலாற்றுக்குச் சான்று எது என்று வகுப்பில் கேட்டால் கல்வெட்டு, நாணயம், ஓலைச்சுவடி என்று வரிசையாகச் சொல்வீர்கள். இன்று அந்த வரிசையில் ஒரு மரக்கிளையையும் சேர்க்கப் போகிறேன்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்று ஒரு பாலைவன நகரம். ஆண்டு மழை சுமார் 300 மில்லிமீட்டர்தான். கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆனாலும் அங்கே சாண்டா குரூஸ் ஆற்றங்கரையில் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்காச்சோளம் விளைந்திருக்கிறது; பழைய வாய்க்கால்களையும் அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். ஓடாம் என்ற பழங்குடி மக்களின் ஊர் அது. 1690களில் கினோ என்ற இயேசு சபைப் பாதிரியார் அங்கே வந்தார். அவர் வழியாகவும் அவருக்குப் பின் வந்தவர்கள் வழியாகவும் கோதுமை, அத்தி, மாதுளை, குயின்ஸ் எல்லாம் அந்த மண்ணுக்கு வந்தன. குயின்ஸ், ஆப்பிளுக்கு உறவு. பச்சையாகக் கடித்தால் துவர்க்கும், சர்க்கரை சேர்த்துக் கிளறினால் அல்வா மாதிரி இறுகும். பிறகு அங்கே எழுந்த சான் அகுஸ்தீன் மிஷனுக்கு மண்சுவர் சூழ்ந்த தோட்டம் ஒன்று இருந்தது.

தண்ணீர்தான் எல்லாவற்றையும் மாற்றியது. 1880களில் சீனக் குடியேறிகள் அங்கே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள். கோதுமையைவிடக் காய்கறிக்கு அடிக்கடி தண்ணீர் வேண்டும். கடைமடை விவசாயிகள் 1885இல் வழக்குப் போட்டார்கள். நம் ஊர் முறைப்பாசனச் சண்டை மாதிரியேதான்! அதன்பின் நீர் பிடிக்க ஆற்றில் வெட்டிய ஒரு கால்வாயை 1890 வெள்ளம் அரித்துப் பெரும்பள்ளமாக்கியது. ஆறு கீழே போய்விட்டது, வயல் மேலேயே நின்றது. பின்னர் பம்புகள் நிலத்தடி நீரை உறிஞ்ச, ஆறே வறண்டது. 1950களில் மிஷன் கட்டடத்தின் மிச்சமும் போய், அந்த இடம் குப்பை கொட்டும் மேடானது.

ஆனால் மரங்கள் சாகவில்லை. அத்தி, மாதுளை, குயின்ஸ் மூன்றும் போத்து வெட்டி வைத்தால் வேர்விடும். விதையில் முளைப்பது தாய்மரம் போலவே இருக்காது. போத்தில் வளர்வது அதே மரம்தான். அப்படிப் போத்துகள் பாட்டிமார் கையால் வீட்டுக்கு வீடு போய்க்கொண்டே இருந்தன. பழைய பண்ணைகளிலும் கொல்லைகளிலும் அந்த மரங்களைத் தேடிப்பிடித்து, கிளை வாங்கி, கன்றாக்கினார்கள். பழைய தோட்டம் இருந்த அதே இடத்தில் 2012இல் அவற்றை நடத் தொடங்கினார்கள். ‘மிஷன் கார்டன்’ என்று பெயர். ஏறத்தாழ 4 ஏக்கர். நடுவதும் நீர் பாய்ச்சுவதும் கவாத்து செய்வதும் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். பழங்குடியினர், ஸ்பானியர், மெக்சிகோக்காரர், சீனர் என்று அங்கே பயிரிட்ட ஒவ்வொருவருக்கும் தனிப் பாத்தி. சண்டை போட்டவர்களின் பயிர்கள் இன்று பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

அரசும் திருச்சபையும் கட்டியது மண்ணாகிவிட்டது. பெயர் தெரியாத பெண்கள் முற்றத்தில் ஊன்றியது பிழைத்தது.

உங்கள் வீட்டு முருங்கைப் போத்து யார் வீட்டிலிருந்து வந்தது? வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக் கீழே எழுதுங்கள். அதுவும் வரலாறுதான்.