துபாஷி ஆனந்தரங்கரும் செஞ்சிச் சீமையும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிறவர்கள் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் கொஞ்ச நேரமாவது நிற்காமல் போக முடியாது. 1752-இல் இந்த ஊரில்தான் ஆங்கிலேயத் தளபதி மேஜர் கின்னீர் பிரெஞ்சுப் படையிடம் அடிவாங்கினார். செஞ்சியைப் பிடிக்கப் புறப்பட்டவர் அவர். மூன்று மலைகளையும் சுற்றியோடும் மதிலையும் பார்த்ததுமே இது நம்மால் ஆகாது என்று திரும்பினார். வழியில் இந்தத் தோல்வி. தேசிங்கு ராஜன் கதையை விடியவிடியக் கேட்ட நம் பக்கத்து ஊர்களில் கின்னீர் கதையைக் கேட்டவர் மிகக் குறைவு.

அந்தக் காலத்துச் சண்டைகள் பலவும் முதலில் கடிதத்தில் நடந்தன, பிறகுதான் களத்துக்கு வந்தன. பாண்டிச்சேரியில் அந்தக் கடிதங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் பெரம்பூரில் பிறந்தவர். பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷி. இரண்டு பாஷை தெரிந்தவன் துபாஷி என்பது சொல்லின் பொருள். மொழிபெயர்ப்பு அவர் வேலையில் ஒரு சிறு பங்குதான். ஆற்காட்டிலிருந்து பாரசீகக் கடிதம் வரும். மதனாநந்த பண்டிதர் அதைப் படித்துச் சொல்வார். எழுதியவர் என்ன எழுதியிருக்கிறார், எதை எழுதாமல் விட்டிருக்கிறார், கோபம் நிஜமா பேரத்துக்கா என்பதையெல்லாம் பிள்ளை எடைபோட்டு கவர்னர் துய்ப்ளெக்ஸ் காதில் போடுவார். இன்றைய தூதரகங்களில் பல நாற்காலிகள் பிரித்துக்கொண்டு செய்யும் வேலை இது. அவரைப் பெருவணிகர் என்றும் நாட்குறிப்பு வேந்தர் என்றும் கொண்டாடுகிறோம். தூதுத் தொழில்காரர் என்று சொல்லத்தான் ஏனோ தயங்குகிறோம்.

தயக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. தூதருக்குப் பின்னால் ஒரு நாடு நிற்க வேண்டும். 1971 ஏப்ரல் 18 அன்று கல்கத்தாவில் பாகிஸ்தானின் துணைத் தூதர் ஹுசைன் அலி, தம் அலுவலகக் கொடியை இறக்கிவிட்டு வங்கதேசக் கொடியை ஏற்றினார். அதற்கு முதல் நாள்தான் வங்கதேசத்தின் தற்காலிக அரசு பதவியேற்றிருந்தது. அவருக்கு மாறிப்போக ஒரு கொடியாவது இருந்தது. பிள்ளைக்கு நவாபு, நிஜாம், மராத்தியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று சுற்றிலும் எஜமானர்கள்தான்.

எஜமானர் கைவிட்டால் என்ன ஆகும் என்பது அவர் குடும்பத்துக்கே தெரியும். அவர் தகப்பனார் திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனர் நைனியப்ப பிள்ளை, தலைமைத் துபாஷியாக இருந்தே சிறைக்குப் போய் 1717-இல் அங்கேயே இறந்தார். நைனியப்பரின் மகன் குருவப்ப பிள்ளை விடவில்லை. கப்பலேறி பிரான்சுக்கே போய் நியாயம் கேட்டார். அங்கே ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பித் தலைமைத் துபாஷியாகவும் ஆனார். தமிழர் ஒருவர் ஐரோப்பிய அரசவையில் தாமே வாதாடி வென்ற இந்தக் கதைக்கே தனிக் கட்டுரை வேண்டும்.

வங்காளத்துச் சந்தர்நாகூரில் பத்தாண்டு இருந்து வணிகத்தில் கைதேர்ந்தபின் 1742-இல் பாண்டிச்சேரிக்கு வந்தவர் பிள்ளையின் எஜமானர் துய்ப்ளெக்ஸ். 1746-இல் சென்னைப்பட்டணத்தைப் பிடித்ததும் உங்களிடமே ஒப்படைக்கிறோம் என்று ஆற்காட்டு நவாபு அன்வருத்தீனுக்கு வாக்குக் கொடுத்தார், ஒப்படைக்கவில்லை. நவாபின் மகன் மாபூஸ்கான் படையோடு வந்து அடையாற்றங்கரையில் தோற்றுப்போனார். ஒரு சிறு படை பெரும்படையை விரட்டியதைத்தான் வரலாற்றுப் புத்தகங்கள் வியக்கின்றன. முறிந்த அந்த வாக்கைப் பற்றி அவற்றில் ஒரு வரிதான் இருக்கும்.

1750-இல் அரங்கம் நம் மாவட்டத்துக்கே வந்துவிட்டது. ஹைதராபாத் அரியணைக்கு நாசிர் ஜங்கும் அவர் சகோதரி மகன் முசாபர் ஜங்கும் போட்டி. வழுதாவூர் அருகே இரு தரப்பும் எதிரெதிரே நின்றபோது, முசாபர் பக்கம் நின்ற பிரெஞ்சு அதிகாரிகள் சிலர் பணத்தகராறில் வேலையை உதறினார்கள். படை பாண்டிச்சேரிக்குப் பின்வாங்கியது. முசாபர் ஜங் மாமனிடம் சிறைப்பட்டார். செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி முன்னணியில் நின்று செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தார். அதை மீட்க நாசிர் ஜங் பெரும்படையோடு கிளம்பினார். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இந்தப் பக்கத்துக் களிமண்ணில் வண்டி இறங்கினால் என்ன கதி என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படை சேற்றில் மாட்டிக்கொண்டு கிடந்தது. அந்த வாரங்களில் துய்ப்ளெக்ஸ், எதிரி முகாமிலிருந்த கடப்பை, கர்நூல் பட்டாணிய நவாபுகளோடு ரகசியமாகப் பேசி முடித்திருந்தார். டிசம்பரில் பிரெஞ்சுப் படை தாக்கிய வேளையில் நாசிர் ஜங்கைக் கொன்றது அவருடைய சொந்த அணி நவாபுதான்.

சிறையிலிருந்த முசாபர் ஜங் அன்றே நிஜாமானார். பாண்டிச்சேரி தர்பாரில் பட்டங்களும் ஜாகீர்களும் வழங்கப்பட்டன. பிள்ளைக்கு மூவாயிரம் குதிரைக்கான மன்சப் அந்தஸ்தும் செங்கல்பட்டு ஜாகீரும் கிடைத்தன. சில வாரங்களில் முசாபர் ஜங்கும் கொல்லப்பட்டார், அதே பட்டாணிய நவாபுகளோடு மூண்ட சண்டையில்.

பிள்ளைக்கு அரண்மனைக்குள்ளேயே ஓர் எதிரி இருந்தார்: கவர்னரின் மனைவி மதாம் துய்ப்ளெக்ஸ். அந்த அம்மாள் தனியே ஆள் வைத்து உளவு சேகரித்தார். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. 1748-இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை முற்றுகையிட்டபோது வேதபுரீசுவரர் கோயில் இடிபட்டதைப் பிள்ளை எழுதியிருக்கும் பக்கங்களில் அந்த மனக்கசப்பு தெரியும். கோயிலை அவரால் காப்பாற்ற முடியவில்லை. யார் என்ன சொன்னார்கள், யார் பேசாமல் நின்றார்கள் என்று எழுதி வைக்கத்தான் முடிந்தது. 1736 செப்டம்பர் 6-இல் தொடங்கிய அந்த எழுத்து சாகும்வரை நிற்கவில்லை. பேச்சுத் தமிழ், நடுநடுவே பாரசீகம், பிரெஞ்சு, போர்த்துக்கீசியச் சொற்கள். ஓர் அதிகாரி மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் இத்தனை வம்பும் வயிற்றெரிச்சலும் இருக்காது. அதனால்தான் எனக்கு இது அறிக்கைகளைவிட நம்பத்தக்கதாகப் படுகிறது.

1754-இல் துய்ப்ளெக்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். 1756-இல் பிள்ளையின் பதவியும் போயிற்று. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றபின், திண்டிவனத்துக்குப் பக்கத்துப் பெருமுக்கல் கோட்டை உட்பட ஒவ்வொன்றாக ஆங்கிலேயர் கைக்குப் போயின. பிள்ளை 1761 ஜனவரியில் கண்மூடினார். பாண்டிச்சேரி சரணடைந்ததும் அதே மாதம்தான். செஞ்சி மட்டும் ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தது.

நாட்குறிப்பு 1846-இல் பிரெஞ்சுக்காரரான காலுவா மோம்பிரன் கண்ணில் பட்டது. 1904 முதல் 1928 வரை சென்னை அரசு அதை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. பிரபஞ்சன் அதிலிருந்து ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்று இரண்டு நாவல்கள் எழுதினார்.

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தவை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பிள்ளையின் வீடு: கீழ்த்தளத்தில் நம்மூர் மரத்தூண்கள், மாடியில் பிரெஞ்சுப் பாணியில் வெள்ளைத் தூண்கள்.