தலை தீபாவளி

திருமணமான பின் வரும் முதல் தீபாவளி. 'தலை' என்ற உறுப்புப் பெயர் உச்சி, தொடக்கம், முதன்மை என்று பொருள் விரிந்த சொல். முதற்பிள்ளை தலைச்சன், பசுவின் முதல் ஈற்று தலையீற்று, காவிரி பிறக்கும் இடம் தலைக்காவிரி. தீபாவளியோ வடமொழிச் சொல்: தீபம் + ஆவளி, விளக்கு வரிசை. இரண்டும் கூடிய இத்தொடர் தமிழ்க் குடும்ப வழக்கில் பிறந்தது. புதுமணத் தம்பதிக்கு வரும் தலை ஆடி, தலைப் பொங்கல் ஆகியவையும் இதே வார்ப்பு.

வழக்கப்படி இதைக் கொண்டாடுவது பெண் வீட்டில். பெண்ணின் பெற்றோர் முன்னதாகவே சென்று சம்பந்தி வீட்டாரை முறையாக அழைப்பார்கள். விடியுமுன் தம்பதியை மணையில் உட்கார வைத்து, மூத்த சுமங்கலி உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைப்பார். வெந்நீர்க் குளியல், தீபாவளி லேகியம், ஓரத்தில் மஞ்சள் தடவிய புத்தாடை, பெரியவர்களிடம் ஆசி, பிறகு பட்டாசு. மாப்பிள்ளைக்கு மோதிரமோ சங்கிலியோ போடுவது வசதியைப் பொறுத்தது. அதைக் கட்டாயமாக்கிக் கேட்பது இந்த நல்ல நாளுக்கு அழகல்ல. இரு குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் பண்டிகை என்பதே இதன் பெருமை.