இணைய இணைப்புப் பகிர்வின் வரலாறு

ஓர் இணைய இணைப்பைப் பல கணினிகள் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளப் பரவலாகப் பயன்படும் முறை வலையமைப்பு முகவரி மாற்றம் ஆகும். இது சுருக்கமாக 'நாட்' எனப்படும். தற்காலிக ஏற்பாடாக முன்வைக்கப்பட்ட இம்முறை, முப்பது ஆண்டுகள் கடந்தும் வீட்டுத் திசைவிகளில் இயங்கி வருகிறது.

பின்னணி

1981 செப்டம்பரில் வரையறுக்கப்பட்ட ஐ.பி. நான்காம் பதிப்பில் ஒரு முகவரியின் நீளம் 32 பிட்டுகள். எனவே ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே இருக்க முடியும். தொடக்கக் காலத்தில் இவை பெருந்தொகுதிகளாக வழங்கப்பட்டன. 'பி' வகுப்புத் தொகுதி ஒன்றில் மட்டும் 65,536 முகவரிகள் இருந்தன. சில ஆயிரம் கணினிகளே கொண்ட நிறுவனமும் அதைப் பெற்றது. இதனால் 1990களின் தொடக்கத்திலேயே முகவரித் தட்டுப்பாடு பற்றிய கவலை எழுந்தது.

தீர்வு

1994 மே மாதம் எகெவாங், பால் பிரான்சிஸ் ஆகிய இருவரும் ஆர்.எஃப்.சி. 1631 என்ற ஆவணத்தில் நாட் முறையை விளக்கினர். இது குறுகிய காலத் தீர்வே என்று அவர்களே அதில் குறிப்பிட்டனர். 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 1918, யாரும் தம் வலையமைப்புக்குள் பயன்படுத்தத்தக்க தனி முகவரிகளை உறுதி செய்தது. 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் அவற்றுள் அடங்கும்.

செயல்படும் விதம்

ஒரு பள்ளியில் பத்துக் கணினிகள் உள்ளன எனக் கொள்வோம். அவை அனுப்பும் தரவுப் பொதிகளில் உள்ள தனி முகவரியை நீக்கி, திசைவி தன் பொது முகவரியை இடுகிறது. எந்தக் கணினி கேட்டது என்பதை அறிய, ஒவ்வொரு தொடர்புக்கும் ஒரு போர்ட் எண்ணைக் கொடுத்து அட்டவணையில் பதிகிறது. பதில் வந்ததும் அந்த எண்ணைப் பார்த்து உரிய கணினிக்கு அனுப்புகிறது.

பரவல்

1999-இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இணைப்புப் பகிர்வு வசதி சேர்க்கப்பட்டது. மோடம் பொருத்திய கணினி 192.168.0.1 என்ற முகவரியுடன் மற்றவற்றுக்கு வாயிலாக நின்றது. அதை அணைத்தால் எல்லாவற்றுக்கும் இணையம் நின்றுவிடும். தமிழ்நாட்டின் பிரவுசிங் சென்டர்கள் ஓர் இணைப்பைக் கொண்டு பலருக்குச் சேவை தர முடிந்ததும் இத்தகைய பகிர்வினால்தான். பின்னர் அப்பணியைத் தனித் திசைவிகள் ஏற்றன.

விளைவுகள்

இணையத்தில் எந்தக் கணினியும் மற்றொன்றை நேரடியாகத் தொடர்புகொள்ளலாம் என்பது அடிப்படைக் கொள்கை. நாட் இதைக் குலைத்தது. உள்ளிருந்து வெளியே செல்வது எளிது. வெளியிலிருந்து உள்ளே வருவதற்குத் தனி ஏற்பாடு தேவை. இணையவழித் தொலைபேசி, விளையாட்டு போன்றவை இதனால் சிக்கலுக்கு உள்ளாயின.

128 பிட் முகவரி கொண்ட ஐ.பி. ஆறாம் பதிப்பின் வரையறை 1995 டிசம்பரிலேயே வெளியானது. ஆனால் நாட் முறையால் தட்டுப்பாடு உடனே உறைக்கவில்லை, மாற்றமும் தள்ளிப்போனது. 2011 பிப்ரவரி 3 அன்று உலக ஒதுக்கீட்டு அமைப்பான ஐயானா தன் கடைசி ஐந்து தொகுதிகளை வழங்கி முடித்தது.

அதன்பின் இணையச் சேவை நிறுவனங்களும் தம் அளவில் நாட் முறையைப் பரவலாகக் கையாளத் தொடங்கின. இதில் முன்பின் அறியாத பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன. ஒருவரின் தவறுக்காக ஓர் இணையதளம் அம்முகவரியைத் தடுத்தால், தவறு செய்யாத மற்றவர்களும் தடுக்கப்படுவர். ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி தரும் ஆறாம் பதிப்பு முழுமையாகப் பரவும்போதே இந்நிலை மாறும்.