பிள்ளையாருக்கு மாலை, வயலுக்குக் களை: அருகம்புல் உலகம் சுற்றியது எப்படி?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை சாத்துகிறார்கள். அதே புல் மல்லாட்டை வயலில் முளைத்தால் விவசாயிக்குத் தலைவலி. 1977-ல் வெளியான ‘உலகின் மிக மோசமான களைகள்’ என்ற ஆங்கில நூல், கோரைக்கு முதலிடமும் அருகுக்கு இரண்டாம் இடமும் கொடுத்தது.

எங்கிருந்து எங்கே போச்சு?

ஆப்பிரிக்கா, ஆசியா உள்ளிட்ட பகுதிகளே அருகின் தாயகம். அமெரிக்காவில் இதற்குப் பெயர் ‘பெர்முடா புல்’. ஆனால் இது பெர்முடா தீவின் புல்லே இல்லை. மேய்ச்சலுக்கும் புல்தரைக்கும் மனிதர்களே இதைக் கொண்டுபோனார்கள்.

தர்ப்பை என்று சடங்குகளில் பயன்படும் புற்களில் ஒன்றான ‘இம்பெரட்டா’வின் கதையும் இதுதான். 1912 வாக்கில் ஜப்பானிலிருந்து அலபாமாவுக்கு வந்த ஆரஞ்சுப் பெட்டிகளுக்குள் பொதிபுல்லாக நுழைந்தது. இன்று தென்கிழக்கு அமெரிக்காவின் காடுகளில் பரவிக் கிடக்கிறது.

போன இடத்தில் ஏன் அடங்க மாட்டேங்குது?

சொந்த ஊரில் ஒரு புல்லைத் தின்னும் பூச்சி, தாக்கும் நோய் எல்லாம் கூடவே இருக்கும். கடல் தாண்டும்போது அவற்றில் பல பின்தங்கிவிடுகின்றன. புல் மட்டும் போய்ச் சேர்கிறது.

நம்ம ஊருக்கு வந்தது எது?

கால்நடைத் தீவனமாக இங்கே வளர்க்கும் கினியா புல், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. வெட்டி மாட்டுக்குப் போடும் வரை லாபம்தான். கவனிக்காமல் விட்டால் ஆளுயரம் வளர்ந்து, காய்ந்து, எரிபொருளாகிவிடும். ஹவாயில் கைவிடப்பட்ட தோட்ட நிலங்களில் கினியா போன்ற அந்நியப் புற்கள் மண்டின. 2023 ஆகஸ்ட்டில் லஹைனா நகரில் 100 பேருக்கு மேல் பலிகொண்ட தீ வேகமாகப் பரவ, காய்ந்த இந்தப் புற்களும் காரணம். அண்ணாமலையார் மலையிலும் கோடையில் காய்ந்த புல்லில் தீப்பிடிப்பது புதிதல்ல. அதனால் தீவனப் புல்லை மலையடிவாரத்தில் பரவவிடாமல் இருப்பது நல்லது.

வயலில் அருகை என்ன செய்வது?

அருகுக்குத் தரைமேல் ஓடும் தண்டும் உண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டும் உண்டு. கணு உள்ள சிறு துண்டு போதும், மறுபடி துளிர்க்கும். ஈர மண்ணில் ரொட்டவேட்டர் ஓட்டினால் ஒரு செடி நூறு துண்டாகி வயல் முழுக்கப் பரவும். கோடை உழவில் கொத்துக் கலப்பையால் கிளறி, வேரோடு வெயிலில் காயவிட்டு, பொறுக்கி அகற்றுவதே சரியான வழி. அடுத்த வயலுக்குப் போகும் முன் கலப்பையில் ஒட்டியுள்ள துண்டுகளையும் எடுத்துவிட வேண்டும்.