இரண்டு மொரிஸ்களும் ஒரு கியர் குமிழும்

அம்பிட்டிய ஏற்றத்தில் பழைய மொரிஸ் மைனர் ஏறுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் நாலு கியர்களில் முதலாவதுக்கு மட்டும் சின்க்ரோமெஷ் இல்லை. ஓட்டத்திலேயே முதல் கியருக்கு இறக்குவதென்றால் கிளச்சை இரண்டு தரம் மிதித்து, இடையில் அக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டி, பற்சக்கரங்கள் ஒத்துவரும் நேரத்தைக் கையால் பிடிக்க வேணும். அந்த அதிர்வைச் சாரதியின் இடது உள்ளங்கைக்குச் சொல்வது லீவர் நுனியிலுள்ள சின்னக் குமிழ்தான்.

இந்தக் கதையில் வில்லியம் மொரிஸ் என்று இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் ஒக்ஸ்போர்டில் சைக்கிள் திருத்தத் தொடங்கி, 1913இல் கார் செய்து விற்றவர். அவருடைய கம்பனி 1948இல் வெளியிட்ட மைனர்தான் பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார். அடுத்தவர் 1896இல் இறந்த கவிஞர். தொழிற்சாலை வேலை தொழிலாளியின் சந்தோசத்தைப் பறிக்குது என்று வாதாடியவர்.

கண்டிக்கு முதலில் வந்தது கவிஞரின் எண்ணம். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டிய கைவினைஞர்களைப் பற்றி எழுதிய பெரிய நூலை 1907–08இல் இங்கிலாந்தில் அச்சிட்டார். அதற்குப் பயன்பட்டது அந்தக் கவிஞரின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் இருந்த அதே அச்சுப்பொறி!

அந்த நூல் பதிவுசெய்த தொழில்களில் அரக்குக் கடைசலும் ஒன்று. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படியும். கண்டி இராச்சியத்தில் தடிகளும் விசிறிப் பிடிகளும் இப்படித்தான் நிறம் பெற்றன. மாத்தளைப் பக்கம் ஹப்புவிடவில் அரக்கை நூலாக இழுத்து, நகத்தால் நறுக்கி ஒட்டும் வேலை இன்றைக்கும் பேர்போனது.

ஆனா ஒன்றை மறக்கக்கூடாது. அந்தக் கைகள் சாதியாலும் காணிக்கான ஊழியத்தாலும் கட்டப்பட்டிருந்தவை. இராஜகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டபோதும் விகாரைக் காணிகளில் ஊழியம் தொடர்ந்தது. அழகை மட்டும் பார்த்து அந்தக் காலத்துக்காக ஏங்குவது நியாயமில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வாகனத்தையே பேணி ஓட்டினோம். அப்படிப்பட்ட வாகனத்துக்குக் குமிழ் ஒன்றைக் கடைந்து போடுவது யாரும் சுமத்தாத வேலை. முதலில் லீவர் நுனியின் மரையை அளக்க வேணும்: பல டொயோட்டாக்களில் 12 மில்லிமீற்றர், நிசான்களில் 10. அதற்குப் பொருந்தும் நட்டை மரத்துக்குள் எபொக்சிப் பசையால் இறுக்கி, உங்கள் உள்ளங்கைக்கு ஏற்றபடி கடைய வேணும்.

குமாரசுவாமி புகழ்ந்த கைவினைஞனுக்கு வேலையைத் தெரிவுசெய்யும் உரிமை இருக்கவில்லை. கார் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு, தான் செய்யும் பொருளின் வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமை இருக்கவில்லை. சொந்தக் குமிழைக் கடைபவருக்கு இரண்டுமே இருக்கு. சின்னப் பொருள்தான், ஆனா அந்த இரண்டு உரிமைகளும் ஒரே கையில் சேர இவ்வளவு காலம் எடுத்திருக்கு.