நடையும் பேச்சும்: விழுதலை முன்கணித்த வரலாறு

‘தடுமாறுதல்’ என்னும் வினையைத் தமிழர் நடைக்கும் வழங்குகிறோம், பேச்சுக்கும் வழங்குகிறோம். மொழியியல் பயின்ற எனக்கு, முதியோர் விழுதலை முன்கூட்டிக் கணிக்கும் சோதனைகளின் வரலாற்றில் ஈடுபாடு பிறந்தது இச்சொல்லால்தான்.

தொடக்கத்தில் அளக்கப்பட்டது நிற்றல் மட்டுமே. 1840களில் பெர்லின் மருத்துவர் ரோம்பர்க், முதுகுத்தண்டு நோயுற்றோர் கண்ணை மூடியதும் தள்ளாடுவதைப் பதிவுசெய்தார். பாதத்தின் உணர்வு மங்கியபின் கண்ணே உடலைத் தாங்கியிருந்தது என்பது அதன் பொருள். ஆனால் முதியோர் பெரும்பாலும் விழுவது எழும்போதும் திரும்பும்போதும் நடக்கும்போதுமே. எனவே 1986இல் மத்தியாஸ், நாயக், ஐசக்ஸ் ஆகியோர் நாற்காலியிலிருந்து எழுந்து, நடந்து, திரும்பி வந்து அமரும் சோதனையை வகுத்தனர். பார்ப்பவரே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டார். 1991இல் பொட்சியாட்லோவும் ரிச்சர்ட்சனும் மதிப்பெண்ணுக்கு மாற்றாக நொடிகளை வைத்தனர். தொலைவு 3 மீட்டர். நாற்காலியும் கடிகாரமும் போதும் என்பதால் அது உலகெங்கும் பரவியது.

1997இல் சுவீடனில் லுண்டின்-ஓல்சனும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வுக்குக் கடிகாரமும் தேவைப்படவில்லை. இல்லவாசிகளான முதியோர் 58 பேருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தனர். பன்னிருவர் மறுமொழி சொல்ல நின்றுவிட்டனர். அடுத்த ஆறு மாதத்தில் அவர்களுள் பதின்மர் விழுந்தனர். அவர்களுக்கு நடை தன்னியல்பாக நிகழவில்லை; கவனத்தைக் கோரியது. பேச்சும் அதே கவனத்தைக் கேட்டபோது ஒன்று நின்றது. எனினும் விழுந்த 21 பேரில் 11 பேர் நிற்காமல் பேசியவர்களே. நின்றால் அஞ்ச வேண்டும். நிற்காவிடில் அச்சமில்லை என்று கூற இயலாது.

இந்தியாவில் முதியோர் மருத்துவம் 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் வ.செ. நடராசன் தொடங்கிய புறநோயாளர் பிரிவிலிருந்து வளர்ந்தது. தில்லி எய்ம்ஸில் அதற்கெனத் தனித்துறை 2012இல் அமைந்தது. ஆனால் மேற்சொன்ன சோதனைகள் வேற்று நிலத்தில் பிறந்தவை. நாற்காலியிலிருந்து எழுவதை அவை அளக்கின்றன. நம் பாட்டிமார் பலர் தரையிலிருந்து எழுகின்றனர்.

மொழியின் சிக்கல் இதனினும் நுட்பமானது. முதுமையில் மகன் வீட்டுக்குத் தில்லி வந்த தமிழ்ப் பாட்டி ஒருவரிடம் நடக்கும்போது இந்தியில் கேள்வி கேட்டால் அவர் நின்றுவிடக்கூடும். அவரை நிறுத்தியது காலின் தளர்ச்சியா, பழகாத மொழியின் சுமையா? நடந்தவாறே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லும்போதும் இதே ஐயம் எழும். பள்ளி செல்லாதவருக்கு அது வேறொரு தேர்வு.

ஆகவே எத்தனை நொடி என்பதோடு, எந்த மொழியில் கேட்கப்பட்டது என்பதும் ஆய்வேட்டில் பதிவாக வேண்டும். இல்லையேல் மொழியின் தடுமாற்றத்தைக் காலின் கணக்கில் எழுதிவிடுவோம்.