இரட்டைச் சூரியோதயம்

இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், தேசப்படத்தைப் பார்த்து, "சுமார் 3,500 மைல்" என்று சொல்லிவிடலாம். "எத்தனை மணி நேரப் பிரயாணம்?" என்று கேட்டாலோ, "எந்த வருஷத்தில்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இன்றைய ஜெட் விமானம் நடுவில் இறங்காமல் பறந்தால் ஏழு மணி நேரம் போதும். 1943-ல் அதே வழிக்கு 27 மணியிலிருந்து 33 மணி வரை பிடித்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அத்துடன் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் ஆகாய மார்க்கமும் அறுந்தது. அதை மறுபடி இணைப்பதற்காக, குவான்டாஸ் கம்பெனியார் 1943-ல் 'காட்டலினா' என்னும் கடல் விமானங்களை, பெர்த்திலிருந்து காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரிக்கு நேராகப் பறக்கவிட்டார்கள்.

மொத்தம் ஐந்து விமானங்கள். ஐந்துக்கும் நட்சத்திரப் பெயர்கள். பொருத்தமான பெயர்கள்தான், எதிரியின் காதில் விழுந்துவிடும் என்பதால் ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது. நட்சத்திரங்களையும் திசைகாட்டியையும் கடிகாரத்தையும் நம்பியே இந்து மகா சமுத்திரத்தைத் தாண்டினார்கள்.

வேகம் மணிக்குச் சுமார் 125 மைல். அவ்வளவு தூரத்துக்கும் பெட்ரோலைச் சுமந்தாக வேண்டும். பெட்ரோல் போக மிஞ்சிய இடத்தில் மூன்று பிரயாணிகளும் 69 கிலோ தபாலும் போகலாம். அதற்கு மேல் இல்லை. கதை எழுதுகிறவனுக்கு அந்த மூன்று பேர் மேல்தான் கண் போகிறது. குளிரில் ஒடுங்கிக்கொண்டு, ஒரே பிரயாணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதை அவர்கள் பார்த்தார்கள். 'இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்க'த்தில் சேர்ந்துவிட்டதாக அவர்களுக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரமும் கொடுத்தார்கள்!

1945 ஜூலை வரையில் 271 தடவை கடலைத் தாண்டினார்கள். ஒரு விமானமாவது விழவில்லை. யுத்தம் முடிந்ததும், அமெரிக்காவிடம் இரவல் வாங்கிய ஒப்பந்தத்தின்படி, அந்த விமானங்களை ஆஸ்திரேலியக் கடலிலே மூழ்கடித்துவிட்டார்கள்.

2018-ல் பெர்த்திலிருந்து லண்டனுக்கே நேர் விமானம் தொடங்கிற்று. சுமார் 14,500 கிலோமீட்டர். சுமார் 17 மணி நேரம். கொக்கலயில் இறங்க வேண்டிய அவசியமே போய்விட்டது.

ஆனால் கொக்கலயை அப்படிச் சுலபமாகத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அங்கே விமானத் தளம் அமைப்பதற்காக யுத்த காலத்தில் கிராமத்து ஜனங்களை வீடு வாசலைவிட்டு வெளியேற்றினார்கள். தப்பி நின்ற வீடு, சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு. இன்று அதைச் சுற்றி ஒரு காட்சிசாலை இருக்கிறது. முப்பது மணி நேரத்தில் சமுத்திரத்தைத் தாண்டிய சாகசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அடுப்பை அணைத்துவிட்டு மூட்டை முடிச்சுடன் கிளம்பிய அந்தக் குடும்பங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.